புதிய நாய்க்குட்டி தீனி தின்ன மறுத்தால்

இராசபாளையத்தில் இரவு ரயில் ஏறினால் விடியற்காலையில் தாம்பரத்தில் இறங்கிவிடலாம். ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட இந்தப் பயணத்தைக் கூடைக்குள் சுருண்டபடியே முடித்து, முடிச்சூரிலோ சேலையூரிலோ ஒரு வீட்டுத் தாழ்வாரத்தில் இறக்கிவிடப்படும் இரண்டு மாதக் குட்டியின் முன்னால் உடனே ஒரு கிண்ணம் பால் வைக்கப்படுகிறது. குட்டி முகர்ந்து பார்த்துவிட்டு விலகிப் போகிறது. அடுத்து பிஸ்கட் வருகிறது, பிறகு முட்டை. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் ஆளுக்கொன்றை நீட்டுகிறார்கள். மாலைக்குள் ஆறேழு பண்டங்கள் வந்து போய்விடுகின்றன. குட்டி ஒன்றையும் தொடுவதில்லை. அல்லது எல்லாவற்றிலும் கொஞ்சம் தின்று, இரவில் கழிச்சல் கண்டுவிடுகிறது.

தாம்பரம் தொடங்கிப் பெருங்களத்தூர், வண்டலூர், மேடவாக்கம் வரையிலும் வீட்டுக் காவலுக்கும் தோட்டக் காவலுக்கும் நாய் வளர்ப்போர் அநேகர். படப்பைப் பக்கம் மாட்டுத் தொழுவமும் ஆட்டுப் பட்டியும் வைத்திருப்போருக்கு நாய் இல்லாமல் முடியாது. ஆனால் குட்டி வந்த முதல் வாரத்தில் அது தின்னவில்லையே என்ற பதற்றத்தில் செய்யப்படும் உபசாரமே பல குட்டிகளுக்குக் கேடாக முடிகிறது. வேறு சில வீடுகளில், உண்மையிலேயே நோயால் தின்னாத குட்டியை, "புது இடம், போகப் போகச் சரியாகிவிடும்" என்று விட்டுவைத்து இழந்துவிடுகிறார்கள். இவ்விரண்டையும் பிரித்து அறிவதுதான் முக்கியம்.

தாயிடம் தின்றது எது?

முதல் நாள் தின்னாமைக்குப் பெரும்பாலும் தீனி காரணமன்று. தாயின் சூடும், உடன்பிறந்த குட்டிகளின் வாசனையும், பழகிய மூலையும் ஒரே நாளில் இல்லாமற் போய்விட்டன. பயந்த குட்டிக்குப் பசி எடுக்காது. வண்டியில் வந்த குமட்டலும் சேர்ந்திருக்கும். இந்நிலையில் பழைய தீனியையும் மாற்றிவிட்டால், அதற்குத் தெரிந்த பொருளென்று அந்த வீட்டில் எதுவுமே இராது.

ஆகவே குட்டியை வாங்கும் இடத்திலேயே சிலவற்றைக் கேட்டறிய வேண்டும். என்ன தீனி, ஒரு நாளைக்கு எத்தனை வேளை, எந்தெந்த நேரம், கூழாகவா கெட்டியாகவா, தட்டிலா கிண்ணத்திலா? கேழ்வரகுக் கூழ் தின்று வளர்ந்த குட்டிக்கு முதல் வாரம் கேழ்வரகுக் கூழே நல்லது. கடையில் விற்கும் உலர்தீனியில் வளர்ந்ததாக இருந்தால் ஒரு வாரத்துக்கு வேண்டிய அளவு அதையே வாங்கிவந்து, வெதுவெதுப்பான நீரில் கால் மணி நேரம் ஊறவைத்துக் கொடுக்கலாம். தாய் படுத்திருந்த துணியில் ஒரு துண்டும் கேட்டு வாங்கிவரலாம். அதைக் குட்டியின் படுக்கையில் போட்டால் முதலிரவு அழுகை குறையும். விடிய விடிய அழுத குட்டி காலையில் தின்னாது, அயர்ந்து தூங்கும்.

தீனியை மாற்ற விரும்புவோர் நான்கைந்து நாள் பொறுத்து, குட்டி நன்றாகத் தின்னத் தொடங்கிய பின்னரே மாற்ற வேண்டும். முக்கால் பங்கு பழையது, கால் பங்கு புதியது என்று தொடங்கி, இரண்டு மூன்று நாளில் பாதிக்குப் பாதி ஆக்கி, ஒரு வாரம் பத்து நாளில் முழுவதும் மாற்றிவிடலாம்.

வாங்கும் குட்டியின் வயதும் இதில் சேர்ந்ததே. 2017-ஆம் ஆண்டு மத்திய அரசு வெளியிட்ட நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகளின்படி எட்டு வாரம் நிரம்பாத குட்டியை விற்கக் கூடாது. இது வெறும் சட்டக் கெடுபிடி அன்று. ஐந்து வாரக் குட்டிக்குத் தாய்ப்பால் முழுவதும் மறந்திராது. தட்டில் தின்னவும் சரியாகப் பழகியிராது. "சின்னக் குட்டியாக இருந்தால்தான் நன்றாகப் பழகும்" என்று சொல்லித் தருவோரிடம் ஏமாற வேண்டாம்.

பாலும் தயிர்சாதமும்

குட்டி என்றாலே பால் என்று நினைப்பது இயல்பு. ஆனால் நாய்ப்பாலும் பசும்பாலும் ஒன்றல்ல. நாய்ப்பாலில் கொழுப்பு ஏறத்தாழ 9 சதவீதம். பசும்பாலில் 4 சதவீதத்தை ஒட்டியே இருக்கும். பால் சர்க்கரையோ பசும்பாலில் ஏறத்தாழ 5 சதவீதம். நாய்ப்பாலில் அதைவிடக் குறைவு. பால்குடி மறக்கும் வயதில் இந்தச் சர்க்கரையைச் செரிக்கும் ஆற்றலும் குட்டியின் குடலில் குறைந்துகொண்டு வரும். ஆகவே ஒரு கிண்ணம் பாக்கெட் பால் குடித்த குட்டி மறுநாள் நீராகக் கழிவதில் வியப்பில்லை. கழிந்த குட்டி மேலும் தின்னாது. முன்பு பால் குடித்துப் பழகிய குட்டியானால் சிறிதளவு கொடுத்துப் பார்க்கலாம், பழகாததற்கு வேண்டாம். தயிர் அவ்வளவு தொல்லை தராது, உறையும்போது பால் சர்க்கரையில் ஒரு பகுதி குறைந்துவிடுகிறது.

அதற்காகத் தயிர்சாதம் மட்டும் போட்டே நாயை வளர்த்துவிடலாம் என்பது சரியல்ல. நங்கநல்லூர், சிட்லபாக்கம் போன்ற இடங்களில் புலால் சமைக்காத வீடுகளில் இப்படி வளரும் குட்டிகள் உண்டு. வளரும் குட்டிக்குப் புரதம் போதாமல் எலும்பும் தசையும் மெலிந்துவிடும். முட்டையை வேகவைத்துக் கொடுக்கவும் மனமில்லாதவர்கள், குட்டிகளுக்கென்று தயாரித்த உலர்தீனியையே வாங்கிக் கொடுப்பது தக்கது. மற்ற வீடுகளில் குழைய வடித்த சோறு, எலும்பு நீக்கி வேகவைத்த கோழிக்கறி, வேகவைத்த முட்டை, சிறிது தயிர் இவற்றைப் பிசைந்து கொடுக்கலாம். சாம்பார்ச் சோறு கூடாது. வெங்காயமும் பூண்டும் நாயின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். வெங்காயத்தைப் பொறுக்கி எடுத்துவிட்டால் போதும் என்பார்கள். அதன் சாறு குழம்பில் இறங்கித்தானே இருக்கும்! திராட்சை, சாக்லேட், வேகவைத்த கோழி எலும்பு ஆகியவையும் ஆகா.

தனியே தின்னத் தெரியாத குட்டி

உடன்பிறப்புகளோடு ஒரே தட்டில் முட்டிமோதித் தின்ற குட்டிக்குத் தனியே தின்பது புதிய வேலை. சுற்றிலும் ஐந்து பேர் குனிந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தால் அது இன்னும் மிரளும். வீட்டில் ஆள் நடமாட்டம் குறைந்த ஒரு மூலையில் தாழ்வான தட்டில் வைத்து, ஒருவர் மட்டும் சற்றுத் தள்ளி முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் போதும். தீனி உடல் சூட்டளவுக்கு வெதுவெதுப்பாக இருக்க வேண்டும். குட்டி மூக்கால்தான் முதலில் தின்கிறது; குளிர்ந்த தீனியில் மணம் எழாது. உப்பும் மசாலையும் வெங்காயமும் சேர்க்காத கோழிச் சாறு ஒரு கரண்டி ஊற்றினால் பல குட்டிகள் இறங்கிவரும். விரலில் சிறிது தடவி நக்கக் கொடுத்து, விரலைத் தட்டுக்குக் கொண்டுபோவதும் பலன் தரும். ஆனால் இதை ஓரிரு வேளையோடு நிறுத்திவிட வேண்டும். கையால் ஊட்டினால்தான் தின்பேன் என்று பழகிய நாய் பின்னர் வீட்டாரை வெளியூர் போகவிடாது.

முதல் வேளைக்கு இரண்டு மூன்று மேசைக்கரண்டி போதும். கால் மணி அல்லது இருபது நிமிடம் வைத்துப் பார்த்து, தின்னாவிட்டால் எடுத்துவிட வேண்டும். இங்குள்ள வெக்கையில் ஈரமான தீனி விரைவில் புளித்துவிடும், எறும்பும் வந்துவிடும். தட்டை நீர் ஊற்றிய அகன்ற தாம்பாளத்தின் நடுவில் வைத்தால் எறும்பு ஏறாது. மீண்டும் மூன்று நான்கு மணி நேரம் கழித்து அதே தீனியைப் புதிதாகச் செய்து வைக்கலாம். இடையில் பிஸ்கட் கொடுத்தால் இவ்வளவு பாடும் வீண். மூன்று மாதம் வரை நாளொன்றுக்கு நான்கு வேளை, ஆறு மாதம் வரை மூன்று வேளை என்பது பொதுவான கணக்கு. சித்திரை, வைகாசி மாதங்களில் நடுப்பகல் வேளையைக் குறைத்து, விடியற்காலையிலும் பொழுது சாய்ந்த பின்னும் கூட்டிக் கொடுப்பது நலம். ஐப்பசி, கார்த்திகை மழையில் நிலைமை வேறு. சிமெண்டுத் தரையில் நனைந்து நடுங்கும் குட்டிக்குச் சாக்கும் பழந்துணியும் போட்டு, உடம்பு சூடேறிய பிறகே தீனி வைக்க வேண்டும்.

எப்போதும் கூடாதது ஒன்றுண்டு. வாயைப் பிளந்து, தலையை அண்ணாத்திப் பிடித்துப் பாலாடையாலோ சங்காலோ புகட்டுவது. மாட்டுக்கு மருந்து புகட்டிப் பழகிய கைகள் இதைச் சர்வசாதாரணமாகச் செய்துவிடும். புரையேறி நுரையீரலுக்குள் போனால், பசியால் சாகாத குட்டி சளிக்காய்ச்சலால் சாகும்.

எத்தனை மணி நேரம் பொறுக்கலாம்?

துள்ளி விளையாடுகிறது, தண்ணீர் குடிக்கிறது, சாணம் இயல்பாக இருக்கிறது, ஆனால் தின்னவில்லை என்றால் எட்டு வாரம் தாண்டிய நடுத்தர, பெரிய இனக் குட்டிக்குப் பன்னிரண்டு மணி நேரம் பொறுக்கலாம். அதன் பிறகு மருத்துவரிடம் கேட்டுவிட வேண்டும். ஒரு முழு நாளைத் தாண்டவிடக் கூடாது. பொமரேனியன் போன்ற சிறிய இனக் குட்டிக்கு அவ்வளவு அவகாசமில்லை. அதன் உடம்பில் சேமிப்புக் குறைவு. சில வேளை தீனி தவறினாலே இரத்தத்தில் சர்க்கரை இறங்கித் தள்ளாடும், வலிப்பும் வரலாம். அப்படிக் கண்டால் சர்க்கரைப் பாகையோ தேனையோ ஈறில் சிறிது தடவிக்கொண்டே மருத்துவரிடம் விரைய வேண்டும்.

சமையலறைத் தராசில் நாள்தோறும் காலையில் எடை பார்த்துக் குறித்துவைப்பது நல்ல பழக்கம். வளரும் குட்டி எடை கூடிக்கொண்டே போக வேண்டும். இரண்டு நாள் தொடர்ந்து இறங்கினால், குட்டி தின்பதுபோல் தோன்றினாலும் ஏதோ கோளாறு இருக்கிறது. வயிறு மட்டும் பானைபோல் உப்பி, மயிர் மங்கியிருந்தால் குடற்புழுவை ஐயப்பட வேண்டும். உருண்டைப்புழு தாயின் கருப்பையிலேயே குட்டிக்கு வந்துவிடுகிறது, பாலிலும் வருகிறது. அதனால்தான் இரண்டாவது வாரத்திலிருந்தே புழு நீக்க மருந்து கொடுக்கப்படுகிறது. விற்றவர் கொடுத்தாரா, எந்தத் தேதியில் என்று கேட்பது நன்று. மருந்தின் அளவு எடையைப் பொறுத்தது. மருத்துவரைக் கேட்காமல் கொடுக்க வேண்டாம். வீட்டில் சிறு பிள்ளைகள் இருந்தால் இது இன்னும் அவசியம், இந்தப் புழுவின் முட்டை அவர்களுக்கும் தீங்கு செய்யும்.

ஐந்தாம் நாள் கவனம்

வந்த அன்று தின்னாத குட்டியைப் பார்த்து வீடே கலங்குகிறது. நான்கு நாள் நன்றாகத் தின்று ஐந்தாம் நாள் நிறுத்திய குட்டியை யாரும் அவ்வளவாகப் பொருட்படுத்துவதில்லை. உண்மையில் அஞ்ச வேண்டியது இரண்டாவதற்குத்தான். புதிய இடத்தின் பயம் நாளாக ஆகக் குறையுமே ஒழியக் கூடாது. ஆனால் பார்வோ வைரஸ் தொற்றினால் நோய் வெளிப்படப் பெரும்பாலும் மூன்று நாள் முதல் ஒரு வாரம் ஆகும். வாங்கிய இடத்திலோ வழியிலோ ஒட்டிக்கொண்டது வீட்டுக்கு வந்து சில நாள் கழித்துத்தான் தெரியும். பல இடத்துக் குட்டிகளை ஒன்றாக அடைத்து விற்கும் சந்தைகளில் வாங்கியதானால் இந்த ஐயம் இன்னும் கூடுதல்.

1978-ஆம் ஆண்டையொட்டி உலகின் பல நாடுகளில் ஏறத்தாழ ஒரே சமயத்தில் தலைகாட்டிய நோய் இது. இந்தியாவில் இதைப் பற்றிய முதல் அறிக்கைகள் 1980-களின் தொடக்கத்தில் சென்னைக் கால்நடை மருத்துவர்களிடமிருந்தே வந்தன. முதலில் குட்டி சோர்ந்து தீனியை வெறுக்கும். பிறகு வாந்தி, அதன் பின் கெட்ட நாற்றத்துடன் நீர்க்கழிச்சல், பலவற்றில் இரத்தமும் கலந்து போகும். குட்டியைக் கொல்வது பெரும்பாலும் உடம்பிலிருந்து நீர் வற்றுவதே. பிடரித் தோலைக் கிள்ளிவிட்டால் உடனே படியாமல் மடிப்பாக நிற்கும். ஈறு வறண்டு ஒட்டும். இந்நிலையில் தீனியும் கஷாயமும் கொடுத்துப் பார்ப்பது நேரத்தை வீணாக்குவதாகும். நரம்பு வழியே திரவம் ஏற்றினால் பல குட்டிகள் பிழைத்துவிடும்; சிகிச்சையின்றிப் பிழைப்பவை சொற்பம்.

தடுப்பூசி ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்குகிறது. ஒன்று போட்டாயிற்றே என்று இருந்துவிடக் கூடாது. தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தி குட்டியின் உடம்பில் இருக்கும்வரை ஊசி மருந்து வேலை செய்ய அது விடாது; எந்த வாரத்தில் அது தீரும் என்பது குட்டிக்குக் குட்டி வேறுபடும். ஆகவேதான் பதினாறு வாரம் வரை இரண்டு முதல் நான்கு வார இடைவெளியில் திரும்பத் திரும்பப் போடுகிறார்கள். ஊசி போட்ட அன்று குட்டி சற்று மந்தமாக இருந்து தீனியைக் குறைப்பது சகஜம், மறுநாள் சரியாகிவிடும்.

முன்பு ஒரு குட்டி இந்நோயால் இறந்த வீட்டில் தடுப்பூசி முடியாத இன்னொன்றைக் கொண்டுவருவது தவறு. வைரஸ் மண்ணிலும் தரை வெடிப்பிலும் பல மாதங்கள் இருக்கும். பினாயிலை நம்பிப் பயனில்லை. கழுவிய தரையில் பிளீச்சிங் பவுடர் கரைசலை ஊற்றி ஊறவிட வேண்டும்.

இன்னொரு எச்சரிக்கை. தின்ன வந்தும் விழுங்க முடியாமல், தாடை தொங்கி எச்சில் வடிக்கும் குட்டியின் வாய்க்குள், முள் சிக்கியதோ என்று விரலை விட்டுப் பார்க்கக் கூடாது. வெறிநோய் குட்டிக்கும் வரும். பல்லோ நகமோ பட்டிருந்தால் சோப்புப் போட்டு ஓடும் நீரில் கால் மணி நேரம் கழுவி, அன்றே மருத்துவமனைக்குச் சென்று மனிதருக்கான தடுப்பூசியைத் தொடங்கிவிட வேண்டும்.

1903-ல் தொடங்கிய சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை வேப்பேரியில் இருக்கிறது. தாம்பரத்திலிருந்து ஜி.எஸ்.டி. சாலை நெரிசலில் அங்கே போய்ச் சேர ஒரு மணி நேரத்துக்கு மேலும் ஆகலாம். வாந்தியும் கழிச்சலும் கண்ட குட்டியை முதலில் அருகிலுள்ள கால்நடை மருந்தகத்திலோ தனியார் மருத்துவரிடமோ காட்டித் திரவம் ஏற்றிக்கொண்டு, அவர் சொன்னால் வேப்பேரிக்குச் செல்லலாம். குட்டி வந்த முதல் நாளே இரவிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் பார்க்கும் மருத்துவர் யார் என்று விசாரித்து வைப்பது உதவும். போகும்போது தடுப்பூசி அட்டை, எடை குறித்த தாள், கடைசியாகத் தின்ற நேரம், ஒரு சிறு டப்பாவில் அன்றைய சாணம் ஆகியவற்றையும் எடுத்துச் செல்ல வேண்டும். காத்திருக்கும் இடத்தில் குட்டியைத் தரையில் இறக்கிவிடாமல் கூடையிலேயே வைத்திருக்க வேண்டும்.