கடற்பணி ஆக்கிய எழுத்தாளர்

கடலைப் பாடிய புலவர் பலர். கடலில் உழைத்துப் பின் எழுத வந்தோர் சிலரே. நம் நெய்தற்றிணைப் பாடல்களை நோக்கின், அவற்றுட் பெரும்பாலும் கேட்கப்படுவது கரையிலிருந்து இரங்குவாரது குரலேயாம். நள்ளிரவில் மரக்கலத்தின் மேற்றட்டிற் காவல் நின்றவனது குரலைக் கேட்பது அரிது. அவ்வரிய குரலை ஆங்கில உரைநடையிற் கேட்பித்தவர் ஜோசப் கான்ராட். கடல் அவருக்குக் கதைப்பொருளை அளித்தது என்று பலரும் கூறுவர். அது மெய்யே. ஆயினும், கடலினும் மேலாகக் கடற்பணியே அவரை எழுத்தாளராக்கிற்று என்பது நம் கருத்து. அதனை அவர் வரலாற்றைக் கொண்டே ஈண்டு ஆராய்வாம்.

இளமை

கான்ராட் கடற்கரையிற் பிறந்தவரல்லர். 1857ஆம் ஆண்டு டிசம்பர் 3ஆம் நாள், அக்காலத்தில் ருஷியப் பேரரசிற்கு உட்பட்டிருந்ததும் இந்நாளில் உக்ரேனைச் சேர்ந்ததுமாகிய பெர்டிச்சிவ் என்னும் உள்நாட்டு ஊரில், போலந்துக் குடும்பமொன்றிற் பிறந்தார். தந்தையார் கவிஞர், மொழிபெயர்ப்பாளர், நாட்டுப்பற்று மிக்கவர். அப்பற்றின் பொருட்டு 1862இல் அக்குடும்பம் வடருஷியாவிற்கு நாடு கடத்தப்பெற்றது. 1865இல் அன்னையாரும் 1869இல் தந்தையாரும் காலமாயினர். பதினொரு வயதில் இருவரையும் இழந்த சிறுவரைத் தாய்மாமன் பேணினார். விக்டர் ஹ்யூகோவின் கடல் நாவலொன்றைத் தந்தையார் மொழிபெயர்த்திருந்தார். அதனைத் தாம் உரக்கப் படித்ததே கடலோடு தமக்குற்ற முதல் அறிமுகம் என்று கான்ராட் பின்னாளில் நினைவுகூர்ந்தார்.

1874இல், பதினாறாம் வயதில், அவர் பிரான்சு நாட்டு மார்சேல்ஸ் துறைமுகத்தை அடைந்து மாலுமியானார். ருஷியக் குடியாதலின் பிரெஞ்சுக் கப்பல்களில் தொடர்ந்து பணிபுரிய இயலாதாயிற்று. 1878இல் பிரித்தானியக் கப்பலொன்றில் ஏறினார். அவ்வாறு தம் இருபதாம் வயதில் மாலுமிகளிடம் பழகிக் கற்கத் தொடங்கிய ஆங்கிலத்தின் உரைநடையிலேயே அவர் பிற்காலத்தில் அழியாப் புகழ் பெற்றார். எனினும் அவர் பேச்சில் அயல்நாட்டு ஒலி இறுதிவரை மாறவில்லை.

சென்னையில் நேர்ந்தது

1883இல் அவர் பணிபுரிந்த பாலஸ்தீன் என்னும் கப்பல், பாங்காக்கிற்கு நிலக்கரி ஏற்றிச் செல்லுங்கால், சுமத்ராவிற்கு அண்மையில் அக்கரி தானே தீப்பற்றியமையால் அழிந்தது. மாலுமிகள் சிறு படகுகளிற் கரை சேர்ந்தனர். அதே ஆண்டு செப்டம்பரில் ரிவர்ஸ்டேல் என்னும் கப்பலில் இரண்டாம் துணை மீகாமனாக அமர்ந்தார். அக்கப்பல் 1884ஆம் ஆண்டு ஏப்பிரலில் வந்து சேர்ந்த இடம் நம் சென்னை. 1881ஆம் ஆண்டுப் பெரும்புயல் அந்நகரின் புதிய துறைமுகச் சுவர்களைச் சிதைத்துச் சில ஆண்டுகளே ஆகியிருந்த காலம் அது.

சென்னையில் அவருக்கும் மீகாமனுக்கும் பிணக்கு முற்றிற்று. மீகாமன் குடிமயக்கிலிருந்தார் என்னும் பொருள்படக் கான்ராட் மருத்துவரிடம் கூறிய சொல்லே அதற்குக் காரணம் என்பர். அவர் பணியினின்றும் நீக்கப்பெற்றார். அவருக்களித்த சான்றிதழில், திறமை மிக நன்று என எழுதிய மீகாமன், நடத்தையைப் பற்றிக் கருத்துரைக்க மறுத்துவிட்டார். மாலுமிக்குச் சான்றிதழே உயிர்நாடி. இருபத்தாறு வயதினர், அறிமுகமற்ற நகரில், களங்கமுற்ற சான்றிதழைக் கையிற் கொண்டு நின்ற நிலையை நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

அவர் சென்னையினின்று புகைவண்டியேறிப் பம்பாய் சென்றார். அங்கே நார்சிசஸ் என்னும் பாய்க்கப்பலிற் சேர்ந்தார். அப்பயணத்தில் மாலுமியொருவர் நோயுற்று நடுக்கடலில் இறந்தார். பதின்மூன்று ஆண்டுகள் கழித்து, 1897இல் வெளிவந்த அவரது சிறந்த கடல் நாவல் அப்பயணத்தினின்றும் பிறந்ததே. சென்னைக் கரையில் நேர்ந்த அவமானம் இல்லையாயின் அந்நாவலும் பிறந்திராது.

தேர்வும் தோல்வியும்

மாணவராகிய நமக்கு மிக நெருங்கிய செய்தி ஒன்று உண்டு. கப்பலில் உயர்பதவி பெறுவோர் மூன்று தேர்வுகளிலே தேறல் வேண்டும். இரண்டாம் துணை மீகாமன் தேர்வில் 1880இல் தேறிய கான்ராட், அடுத்த இரண்டிலும் முதன்முறை தவறினார். மறுமுறை எழுதியே 1884இல் முதல் துணை மீகாமனாகவும் 1886இல் மீகாமனாகவும் தகுதி பெற்றார். பிரித்தானியக் குடியுரிமை பெற்றதும் அவ்வாண்டிலேயே. 1912இல் நூலாக வந்த தம் நினைவுகளில் இத்தேர்வுகளைச் சுவைபட விரித்துரைக்கும் அவர், தோல்விகளைப் பற்றி ஒரு சொல்லும் கூறினாரல்லர். பிற்கால ஆராய்ச்சியாளரே பதிவேடுகளினின்றும் அவற்றை வெளிப்படுத்தினர். தன் தவற்றைத் தானே காண அஞ்சும் மனிதரைப் பற்றி அத்துணை நுட்பமாக எழுதியவர்க்கும் அவ்வச்சம் இருந்தது. இது அவரைத் தாழ்த்துவதாகாது. அவர் எங்கிருந்து எழுதினார் என்பதையே காட்டுகின்றது.

பணியும் சொல்லும்

கடற்பணி அவருக்குக் கற்பித்தவற்றுள் முதலாவது, சொல்லைப் பிழையறக் கையாளுதல். கப்பலில் ஒவ்வொரு கயிற்றிற்கும் தனிப்பெயர் உண்டு. புயலில் ஒரு பெயரை மாற்றிக் கூறின் உயிர்ச்சேதம் விளையும். 1906இல் வெளியான கடல் நினைவுநூலில், நங்கூரத்தை எறிந்தனர் என்று எழுதும் நிலத்தார் வழக்கை அவர் கடிந்துரைக்கின்றார். நங்கூரம் எறியப்படுவதன்று, விடப்படுவது என்பார். நம் மொழியிலும் நங்கூரம் பாய்ச்சுதல் என்பதே வழக்கு, எறிதல் என்பாரில்லை. தொழிலிற் பிறந்த சொல்லைத் தொழிலாளரிடமே கற்றல் வேண்டும் என்னும் இப்பாடம் தமிழ் பயிலும் நமக்கும் உரியது.

அவர் முதல் நாவலும் கடற்பணிக்கிடையிலேயே வளர்ந்தது. 1889இல் இலண்டனிற் தொடங்கிய அக்கையெழுத்துப் படி, 1890இல் ஆப்பிரிக்காவின் காங்கோ ஆற்றிற்கும், பின்னர் டாரன்ஸ் என்னும் கப்பலில் ஆஸ்திரேலியாவிற்கும் அவருடன் சென்றது. அக்கப்பலிற் பயணஞ்செய்த கேம்பிரிட்ஜ் இளைஞர் ஒருவரே அதனை முதலிற் படித்தவர். முடிக்கத் தகுந்ததுதானா என வினவியதற்கு, ஐயமின்றித் தகும் என்றார். 1894இல் கடலைவிட்ட கான்ராட் 1895இல் அதனை வெளியிட்டார்.

தனிமையில் அறம்

இரண்டாவதாகக் கற்றது கடமை. 1880இல் ஜெட்டா என்னும் கப்பல் ஏறக்குறைய 950 மெக்கா யாத்திரிகரோடு சென்றது. அது மூழ்கிவிடும் என்று அஞ்சிய மீகாமனும் அதிகாரிகளும் அவர்களைக் கைவிட்டுத் தாம் படகேறித் தப்பினர். கப்பல் மூழ்கிற்று என்று ஏடனிற் கூறினர். மறுநாளே அக்கப்பல், யாத்திரிகரோடு, வேறொரு கப்பலால் இழுக்கப்பெற்று ஏடனை வந்தடைந்தது! இதனை அடிப்படையாகக் கொண்டு கான்ராட் 1900இல் எழுதிய நாவலே லார்ட் ஜிம். ஒரு நொடியிற் கப்பலை விட்டுக் குதித்த இளைஞன், வாழ்நாள் முழுதும் அந்நொடியினின்றும் தப்ப இயலாது வருந்துகின்றான். பார்ப்பாரில்லாத இடத்தில் நாம் யார் என்பதே அந்நாவல் எழுப்பும் வினா. 1888இல் பாங்காக்கில் ஒடாகோ என்னும் கப்பலின் தலைமையை ஏற்று, நோயுற்ற மாலுமிகளோடு காற்றற்ற கடலிற் பொறுப்பனைத்தையும் சுமந்தவர் எழுப்பிய வினாவாதலின் அதற்கு வலிமை மிகுதி.

குறையும் கூறுதல் முறையாகும். காங்கோவில் அன்னியர் ஆட்சியின் கொடுமையைக் கண்டு அவர் 1899இல் வெளியிட்ட கதையில், ஆப்பிரிக்க மக்கள் பெயரும் பேச்சுமின்றிப் பின்புலமாகவே நிறுத்தப்பட்டுள்ளனர் என்று 1975இல் நைஜீரிய எழுத்தாளர் சினுவா அச்சிபி கண்டித்தார். அக்கண்டனம் புறக்கணிக்கத் தக்கதன்று. கப்பலிலிருந்தே கரையைக் கண்டவர்க்குக் கரையிலுள்ளாரது உள்ளம் முழுதும் புலப்படவில்லை போலும்.

முடிவுரை

கான்ராட் 1924ஆம் ஆண்டு ஆகஸ்டு 3ஆம் நாள் காலமானார். ஏறக்குறைய இருபதாண்டுகள் கடலிலும், முப்பதாண்டுகள் எழுதுமேசையிலும் கழிந்த வாழ்வு அவருடையது. பின்னைய பணிக்கு வேண்டிய பொறுமை, சொற்செம்மை, பொறுப்புணர்ச்சி ஆகிய மூன்றையும் முன்னைய பணியே அளித்தது. எழுத விழையும் மாணவ நண்பர்காள், அனுபவம் தேடி நாம் கடல் கடக்க வேண்டுவதில்லை. நமக்கு வாய்த்த பணி யாதாயினும் அதன் சொற்களைப் பிழையறக் கற்று, காண்பாரில்லாத பொழுதும் அதனைக் கைவிடாதிருப்போமாக. நற்சான்றிதழின்றிச் சென்னைக் கரையில் நின்ற இளைஞர் அதனையே செய்தார்.