வாங்குமுன் வினவுவோம்

நுழையும் முன்

விலை கொடுத்து ஒரு பொருளையோ சேவையையோ தம் பயன்பாட்டுக்காகப் பெறும் அனைவரும் நுகர்வோரே. ஒரு பொருளைப் பற்றிக் கருத்துக் கூறுதல் எளிது. அக்கருத்துக்குத் தக்க காரணம் காட்டுதல் அரிது. திறன்பேசி, கணினி இயங்குதளம், மின்விளையாட்டு ஆகியவற்றை நுகர்வோர் ஒருவர் எவ்வாறு மதிப்பிட வேண்டும் என்பதை இப்பாடம் விளக்குகிறது.

அருகில் பிறக்கும் கருவி

ஆந்திர மாநிலம் திருப்பதி மாவட்டத்தில், சொர்ணமுகி ஆற்றை ஒட்டி அமைந்த ஊர் நாயுடுபேட்டை. சென்னையையும் கொல்கத்தாவையும் இணைக்கும் தேசிய நெடுஞ்சாலை இவ்வூர் வழியே செல்கிறது. அச்சாலையில் தெற்கு நோக்கிச் சென்றால், சூளூர்ப்பேட்டையைக் கடந்து தடாவை அடையலாம். தடாவுக்கு அருகில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி, ஸ்ரீசிட்டி என்னும் தொழில் நகரம் உள்ளது. சியோமி நிறுவனம் 2015ஆம் ஆண்டில் இந்தியாவில் திறன்பேசி உற்பத்தியைத் தொடங்கியபோது, ஃபாக்ஸ்கான் நிறுவனத்தின் வாயிலாக இங்குதான் தொடங்கியது. எல்லைக்கு அப்பால், தமிழ்நாட்டின் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா தொழிற்சாலை 2006 முதல் 2014 வரை இயங்கியது. இன்று அவ்வட்டாரத்தில் ஐபோன்கள் உருவாகின்றன.

கடல் கடந்து வந்த கருவி, இன்று பக்கத்து ஊரிலேயே உருவாகிறது. ஆயினும், அது நமக்குப் பொருத்தமானதா என்னும் வினாவுக்கு நாமே விடை காண வேண்டும்.

கண்ணுக்குத் தெரியாத பகுதி

கடைக்காரர் நிறத்தைக் காட்டுவார், ஒளிப்படக் கருவியின் திறனைக் கூறுவார், விலையைச் சொல்வார். இவை கண்ணுக்குத் தெரிபவை. கண்ணுக்குத் தெரியாத பகுதி ஒன்று உண்டு. அதுவே இயங்குதளம்.

தொடர்வண்டி நிலையத்தில் எந்த வண்டி எந்தத் தடத்தில் வரவேண்டும், எது காத்திருக்க வேண்டும் என்பதை நிலைய அதிகாரி முடிவு செய்கிறார். அதுபோல, எந்தச் செயலிக்கு எவ்வளவு நினைவகம் அளிப்பது, எதை முதலில் இயக்குவது என்பவற்றை இயங்குதளம் முடிவு செய்கிறது. திறன்பேசிகளில் ஆண்ட்ராய்டு, ஐஓஎஸ் ஆகியன பெரிதும் வழங்குகின்றன. கணினிகளில் விண்டோஸ், மேக்ஓஎஸ், லினக்ஸ் ஆகியன வழங்குகின்றன.

இவற்றுள் எது சிறந்தது என்று நண்பர்கள் வாதிடுவதைக் கேட்டிருப்பீர்கள். ஐஓஎஸ் ஆப்பிள் நிறுவனத்தின் கருவிகளில் மட்டும் இயங்குவது. அதனால் புதுப்பிப்புகள் ஒரே காலத்தில் பல கருவிகளை எட்டுகின்றன. ஆனால் விலை மிகுதி, தெரிவு குறைவு. ஆண்ட்ராய்டைப் பல நிறுவனங்கள் பயன்படுத்துகின்றன. அதனால் குறைந்த விலையிலும் கருவிகள் கிடைக்கின்றன. ஆனால் புதுப்பிப்பு நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும்.

லினக்ஸ், பின்லாந்து நாட்டு மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991ஆம் ஆண்டில் தொடங்கிய பணியின் பயன். அதன் நிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம். ஆண்ட்ராய்டின் அடித்தளமும் லினக்ஸே. நம் நாட்டின் சி-டாக் நிறுவனம், இந்திய மொழிகளுக்கு இடமளிக்கும் பாஸ் என்னும் இயங்குதளத்தை லினக்ஸைக் கொண்டே உருவாக்கியது. பழைய கணினிக்கும் லினக்ஸ் பொருந்தும். எனினும், விண்டோஸுக்கென எழுதப்பட்ட விளையாட்டுகள் அனைத்தும் அதில் இயங்கா. எனவே, தேவையை அறியாமல் எதனையும் சிறந்தது எனக் கூற இயலாது.

கருவியின் ஆயுள்

இயங்குதளத்தில் அவ்வப்போது பாதுகாப்புக் குறைகள் கண்டறியப்படுகின்றன. அவற்றைச் சரிசெய்வதே புதுப்பிப்பு. புதுப்பிப்பு நின்றபின்னும் கருவி இயங்கும். ஆனால் பூட்டுப் பழுதான வீட்டைப்போல் அதன் பாதுகாப்புக் குறைந்துகொண்டே செல்லும். 2015ஆம் ஆண்டில் வெளிவந்த விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு, 2025 அக்டோபர் 14ஆம் நாளுடன் முடிவடைந்தது. கூகுள் தன் பிக்சல் 8 திறன்பேசிக்கும், சாம்சங் தன் கேலக்ஸி எஸ்24 திறன்பேசிக்கும் ஏழு ஆண்டுகள் புதுப்பிப்பு வழங்குவதாக அறிவித்தன. எல்லாத் திறன்பேசிகளுக்கும் இத்தகைய உறுதி இல்லை.

ஓர் எளிய கணக்கைக் காண்போம். 12,000 ரூபாய் விலையுள்ள திறன்பேசிக்கு இரண்டு ஆண்டுகள் புதுப்பிப்புக் கிடைக்கும் எனக் கொள்வோம். ஓராண்டுக்கான செலவு 6,000 ரூபாய். 20,000 ரூபாய் விலையுள்ள மற்றொன்றுக்கு ஐந்து ஆண்டுகள் கிடைக்கும் எனில், ஓராண்டுக்கான செலவு 4,000 ரூபாய். மலிவாகத் தோன்றியது எது, உண்மையில் மலிவானது எது என்பதைக் கணக்குக் காட்டிவிடுகிறது.

விளையாட்டின் விலை

மின்விளையாட்டு வீணானது என்று ஒதுக்கிவிட முடியாது. 2020ஆம் ஆண்டில் இணையவழி நடைபெற்ற சதுரங்க ஒலிம்பியாடில் இந்தியாவும் ரஷ்யாவும் இணைந்து தங்கம் வென்றன. தமிழகத்தின் விசுவநாதன் ஆனந்தும் பிரக்ஞானந்தாவும் இந்திய அணியில் இடம்பெற்றிருந்தனர். 2023ஆம் ஆண்டில் சீனாவின் ஹாங்சோவில் நடைபெற்ற ஆசிய விளையாட்டுப் போட்டியில் மின்விளையாட்டுகளுக்கும் பதக்கங்கள் வழங்கப்பட்டன.

ஆனால், இலவசம் என்று வரும் விளையாட்டு வேறு வழிகளில் விலை கேட்கும். இடையிடையே விளம்பரம் வரும். வீரனுக்கு உடையும் படைக்கலமும் வாங்கப் பணம் கேட்கும். நாள்தோறும் வராவிடில் பரிசு போய்விடும் என்று அச்சுறுத்தும். பணத்தோடு நேரமும் கவனமும் அங்கே விலையாகின்றன. விளையாட்டைக் கட்டுப்படுத்த இயலாத நிலையை உலக நலவாழ்வு அமைப்பு தன் நோய் வகைப்பாட்டில் சேர்த்துள்ளது. அவ்வகைப்பாடு 2022 சனவரியில் நடைமுறைக்கு வந்தது. பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடைசெய்யும் சட்டத்தை இந்திய நாடாளுமன்றம் 2025ஆம் ஆண்டில் நிறைவேற்றியது.

மொழியும் ஒரு தேவை

வெளிமாநிலத்தில் வாழும் தமிழ்க் குழந்தைகள் பலர் ஊரிலுள்ள பாட்டிக்கு ஆங்கில எழுத்தில் தமிழை எழுதி அனுப்புகின்றனர். அவ்வாறு எழுதினால் அச்சொல் பலமா, பழமா, பாலமா என்று பாட்டி தடுமாற நேரும். தமிழ் எழுத்தில் எழுதினால் இம்மயக்கம் தோன்றாது.

இதற்கான வழியைத் தமிழர் பலர் உழைத்து அமைத்துள்ளனர். 1999ஆம் ஆண்டில் சென்னையில் நடைபெற்ற தமிழ்இணைய மாநாட்டைத் தொடர்ந்து தமிழ்99 விசைப்பலகை தரப்படுத்தப்பட்டது. அதில் உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கமும் மெய்யெழுத்து வரிசைகள் வலக்கைப் பக்கமும் அமைந்துள்ளன. அ, க, க, ஆ என நான்கு விசைகளைத் தட்டினால் ‘அக்கா’ என்னும் சொல் தோன்றும்; புள்ளி தானே அமைந்துகொள்ளும். மலேசியத் தமிழரான முத்து நெடுமாறன் உருவாக்கிய செல்லினம், 2005ஆம் ஆண்டில் கைப்பேசியில் தமிழில் எழுத வழிசெய்தது. இன்று ஆண்ட்ராய்டு, ஐஓஎஸ் இரண்டிலும் தமிழ் விசைப்பலகை உண்டு. அமைப்புகள் பகுதியில் அதைச் சேர்த்துக்கொண்டால் போதும், செலவு ஏதுமில்லை. வீட்டில் தமிழ், தெருவில் தெலுங்கு, பள்ளியில் இந்தியும் ஆங்கிலமும் எனப் பழகும் மாணவருக்கு, இவை அனைத்துக்கும் இடமளிக்கும் கருவியே நிறைவானது.

நுகர்வோர் உரிமை

பொருளைப் பற்றிய செய்தியை அறிதல், விரும்பியதைத் தெரிவு செய்தல், குறையைக் கூறித் தீர்வு பெறுதல் ஆகியன நுகர்வோர் உரிமைகளுள் சில. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இவற்றை உறுதி செய்கிறது. விலைச்சீட்டையும் உத்தரவாத அட்டையையும் பாதுகாத்து வைத்தல் வேண்டும். குறை நேர்ந்தால் 1915 என்னும் தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம்.

‘நன்றாக இருக்கிறது’ என்பது விருப்பம். ‘ஐந்து ஆண்டுகள் புதுப்பிப்பு உண்டு, தமிழில் எழுத முடிகிறது, என் படிப்புக்குப் போதுமானது’ என்பது மதிப்பீடு. விருப்பத்தை மதிப்பீடாக மாற்றத் தெரிந்தவரை எந்த விளம்பரமும் எளிதில் மயக்காது.

சொற்பொருள்

இயங்குதளம் – கருவியின் செயல்களை ஒழுங்குபடுத்தும் மென்பொருள்
நிரல் – கணினிக்கு இடும் கட்டளைத் தொகுதி
தெரிவு – தேர்ந்தெடுத்தல்
மயக்கம் – பொருள் தெளிவின்மை

பயிற்சி

1. இயங்குதளத்தின் பணி யாது? உவமையுடன் விளக்குக.
2. 15,000 ரூபாய்க்கு மூன்று ஆண்டுகள், 24,000 ரூபாய்க்கு ஆறு ஆண்டுகள் புதுப்பிப்பு எனில், எது மலிவானது? கணக்கிட்டுக் கூறுக.
3. ‘இலவச விளையாட்டுக்கும் விலை உண்டு’ – இக்கூற்றை விளக்குக.
4. உம் வீட்டுத் திறன்பேசியில் தமிழ் விசைப்பலகையைச் சேர்த்து, உறவினர் ஒருவருக்கு ஐந்து வரிகளில் மடல் எழுதுக.
5. வீட்டிலுள்ள கருவி ஒன்றைப் பற்றிய உம் கருத்தை மூன்று காரணங்களுடன் எழுதுக.