செத்த பூனையைத் துள்ள வைத்தது யார்?

கேள்வி: என் மருமகன் சந்தா கட்டி வரவழைக்கும் ஆங்கிலப் பங்குச் சந்தை மடலில் அடிக்கடி ‘டெட் கேட் பவுன்ஸ்’ என்று வருகிறது. சந்தைக்குள் பூனை எப்படி நுழைந்தது? (ஈரோட்டிலிருந்து ஒரு வாசகர்)

பதில்: செத்துத்தான் நுழைந்தது. பலமாக அடிவாங்கி விழுந்த பங்கு நாலு நாள் ஏறும். ‘ஆகா, பிழைத்துக்கொண்டது’ என்று ஊரே வாங்கும். ஐந்தாம் நாள் மறுபடி படுத்துவிடும். அந்த நாலு நாள் ஏற்றத்துக்குத்தான் ‘செத்த பூனைத் துள்ளல்’ என்ற இந்தப் பெயர்.

இதற்கு விளக்கவுரை எழுதிப் புகழ்பெற்றவர் ரேமண்ட் டெவோ என்ற அமெரிக்கப் பங்கு ஆய்வாளர். ஐம்பது மாடிக் கட்டடத்தின் உச்சியிலிருந்து செத்த பூனையைப் போட்டால் அதுகூடத் தரையில் மோதி எம்பலாம், அதை உயிர் வந்ததாக நினைத்துவிடாதீர்கள் என்று 1986-இல் எச்சரித்தார். ‘செத்த பூனைத் துள்ளல், ஜாக்கிரதை’ என்று கார்களின் பின்னால் ஒட்ட ஸ்டிக்கர் அடிக்கும் யோசனையும் அவரிடம் இருந்தது. நியூயார்க் பூனைகளின் கருத்து பதிவாகவில்லை.

1929 பெரு வீழ்ச்சியில் பிறந்த சொல், 1987 கறுப்புத் திங்களில் பிறந்த சொல் என்றெல்லாம் சொல்வார்கள். நம்ப வேண்டாம். இதுவரை கண்டெடுக்கப்பட்ட முதல் அச்சுத் தடயம் லண்டனின் ஃபைனான்சியல் டைம்ஸ் நாளிதழ், 7 டிசம்பர் 1985. அதில் பேசப்பட்ட சந்தையோ வால் ஸ்ட்ரீட் அல்ல, சிங்கப்பூரும் மலேசியாவும்!

அந்த வாரம் அங்கே நடந்தது சினிமாக் கதை. பான் எலெக்ட்ரிக் என்ற சிங்கப்பூர் நிறுவனம் கடனில் மூழ்கியது. அதன் பங்குகளைப் பின்தேதியில் வாங்கிக்கொள்வதாகப் பலர் ஒப்பந்தம் போட்டிருந்தார்கள். அந்த ஒப்பந்தங்களை நம்பிக் கடன் வாங்கியிருந்த தரகு நிறுவனங்களும் சேர்ந்து கவிழ்ந்துவிடும் என்ற பயத்தில் சிங்கப்பூர், கோலாலம்பூர் இரண்டு சந்தைகளையும் டிசம்பர் 2 முதல் மூன்று நாள் இழுத்து மூடினார்கள். விவகாரத்தின் நடுவில் இருந்த டான் கூன் ஸ்வான், அதற்கு முந்தைய மாதம்தான் மலேசியச் சீனர் சங்கம் என்ற ஆளும் கூட்டணிக் கட்சிக்குத் தலைவராகியிருந்தார். 1986-இல் சிங்கப்பூர் நீதிமன்றம் அவருக்கு இரண்டாண்டு சிறை விதித்தது. சந்தையைத் திறந்ததும் முதலில் சரிவு, பிறகு சிறு ஏற்றம். அந்த ஏற்றத்தைத்தான் ஒரு தரகர், ‘இதை நாங்கள் செத்த பூனைத் துள்ளல் என்போம்’ என்ற பொருளில் நிருபரிடம் சொல்லிவிட்டுப் போனார். ‘என்போம்’ என்றாரே, அங்கேதான் விஷயம். தரகர்கள் வாயில் அது ஏற்கெனவே புழங்கியிருக்கிறது. அச்சுக்கு வரத்தான் நேரம் பிடித்தது.

போகிற போக்கில் ஒன்று. காளை முட்டித் தூக்கும், கரடி அடித்துச் சாய்க்கும், அதனால்தான் சந்தையில் அந்தப் பெயர்கள் என்று இன்னும் பயிற்சி வகுப்புகளில் சொல்லிக்கொடுக்கிறார்கள். இந்தப் பகுதி எத்தனை முறைதான் மறுப்பது? கரடியைப் பிடிக்கும் முன்பே அதன் தோலை விற்காதே என்பது பழைய ஐரோப்பியப் பழமொழி. கையில் இல்லாத பங்கை விற்றவர்களைப் பதினெட்டாம் நூற்றாண்டு லண்டனில் கரடித்தோல் வியாபாரி என்று கேலி செய்தார்கள். காளை பிறகு ஜோடி சேர்ந்தது. தாக்கும் விதமெல்லாம் வாத்தியார்கள் கட்டியது. காரணம் கச்சிதமாகப் பொருந்தினாலே சந்தேகப்படலாம்.

கேள்வி: போன இதழ் பூனைப் பதிலைப் படித்தேன். ஏறும்போதே அது பூனையா, நிஜ ஏற்றமா என்று கண்டுபிடிப்பது எப்படி? (ஈரோட்டு மருமகன்)

பதில்: முடியாது. மடல்காரர்கள் சொல்லாமல் விடுவது இதைத்தான். 1929 நவம்பர் 13-இல் அமெரிக்காவின் டவ் ஜோன்ஸ் குறியீடு 198.69-க்கு விழுந்தது. அடுத்த ஐந்து மாதத்தில் 294.07-க்கு ஏறியது, கிட்டத்தட்ட 48 சதவீதம்! அத்தனை பெரிய ஏற்றத்தைப் பூனை என்று அன்று சொல்லியிருந்தால் ஊர் சிரித்திருக்கும். 1932 ஜூலை 8-இல் குறியீடு 41.22. வீழ்ச்சிக்கு முந்தைய உச்சத்தை மறுபடி தொட 1954 ஆயிற்று.

இப்போது மறுபக்கம். கொரோனா ஊரடங்கில், 2020 மார்ச் 23 அன்று சென்செக்ஸ் 25,981-இல் முடிந்தது. அடுத்து ஏறியபோது, ‘பூனை, பூனை’ என்று கத்தாத மடல் குறைவு. பத்து மாதத்தில் அது 50,000-ஐத் தாண்டியது.

விழுந்த சந்தை கொஞ்சம் ஏறுவதில் மர்மம் இல்லை. கையில் இல்லாத பங்கை விற்று ‘ஷார்ட்’ அடித்தவர்கள் கணக்கை முடிக்கத் திரும்ப வாங்குகிறார்கள். மலிவு என்று நினைப்பவர்கள் உள்ளே வருகிறார்கள். அந்த ஏற்றம் பூனையா என்பது பிரேதப் பரிசோதனையில்தான் தெரியும். முன்கூட்டியே சான்றிதழ் எழுதும் மடலுக்கு மாப்பிள்ளை கட்டும் சந்தா தண்டம்.

கேள்வி: அதெல்லாம் இருக்கட்டும். மாடியிலிருந்து விழுந்தால் பூனை நிஜமாகவே சாகுமா? எங்கள் வீட்டுப் பூனை மூன்றாம் மாடிக் கைப்பிடிச் சுவரில்தான் தூங்குகிறது. (தூத்துக்குடி வாசகி)

பதில்: இப்படி ஒரு கேள்விக்குத்தான் இந்தப் பகுதி காத்திருந்தது. நியூயார்க்கின் ஒரு விலங்கு மருத்துவமனைக்கு வந்த, மாடியிலிருந்து விழுந்த 132 பூனைகளை ஆராய்ந்து 1987-இல் ஒரு கட்டுரை வந்தது. சிகிச்சை பெற்றவற்றில் 90 சதவீதம் பிழைத்தன. அதைவிட விசித்திரம், ஏழு மாடிக்கு மேலிருந்து விழுந்தவற்றுக்குக் காயம் குறைவு! வேகம் மணிக்குச் சுமார் 100 கி.மீ.யை எட்டியதும் அதற்கு மேல் ஏறாது. அப்போது பூனை உடலைத் தளர்த்திப் பரப்பிக்கொள்கிறது என்று விளக்கம் சொன்னார்கள்.

குறும்புக்காரர்கள் உடனே கேட்டார்கள்: செத்த பூனையை யார் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிவருவார்? கணக்கில் வந்தவை எல்லாம் வந்துசேர உயிர் இருந்தவை. மியூச்சுவல் ஃபண்டுகளிலும் இதே கூத்து. இழுத்து மூடிய ஃபண்டுகளைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டால் மிச்சத்தின் சராசரி லாபம் பளபளக்கும்.

மூன்றாம் மாடி, ஏழாம் மாடியைவிடப் பத்திரம் என்று நினைக்க வேண்டாம், அம்மா. கைப்பிடிச் சுவருக்கு மேல் வலை அடித்துவிடுங்கள்.