இறக்கத்தில் பிரேக் மட்டும் போதுமா?

மாணவர்களே, மோட்டார் சைக்கிள் உரிமம் எடுத்த புதிதில் நான் கேமரன் மலையில் ரிங்லெட்டிலிருந்து தாப்பாவுக்கு இறங்கினேன். குறுகிய சாலை, வளைவுக்கு வளைவு பயம். பிரேக்கை விடவே இல்லை. பாதி வழியில் கருகிய வாடை. பிரேக்கும் சரியாகப் பிடிக்கவில்லை. ஏன்?

நீங்களும் வண்டியும் சேர்ந்து 160 கிலோகிராம் என வைத்துக்கொள்வோம். 100 மீட்டர் உயரம் இறங்கினால் குறையும் நிலையாற்றல்:

160 × 10 × 100 = 160,000 ஜூல்

வேகம் கூடாமலிருக்க, பிரேக் இதில் பெரும்பகுதியை வெப்பமாக மாற்ற வேண்டும். பிரேக் அளவுக்கு மீறிச் சூடானால் உராய்வு குறையும்.

அதனால் இறங்கத் தொடங்கும் முன்பே கியரைக் குறைத்து, ஆக்சிலேட்டரை விடுங்கள். எஞ்சினே வண்டியை இழுத்துப் பிடிக்கும். பிரேக்கின் சுமை குறையும். நியூட்ரலில் உருட்டாதீர்கள்.

வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறையுங்கள். வேகம் பாதியானால், அதே வளைவில் திரும்பத் தேவைப்படும் மையநோக்கு விசை கால் பங்குதான். டயர் வழுக்கும் வாய்ப்பும் குறையும்.

16 வயதில் உரிமம் எடுக்கப் போகிறீர்களா? சிறிய இறக்கத்தில் பலமுறை பழகிய பிறகே மலைக்குச் செல்லுங்கள். காரணம் புரிந்து பழகினால் பயம் தானே விலகும்.

சிந்திக்க: பின்னால் நண்பர் ஒருவர் அமர்ந்தால் மேற்கண்ட கணக்கு எப்படி மாறும்?