யுகுலேலே பேஸ்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

பேஸ் கிட்டாரின் நான்கு தந்திகளுக்குரிய அதே சுரங்களை, பாரிட்டோன் யுகுலேலே அளவே உள்ள உடம்பிலிருந்து எழுப்பும் கருவி யுகுலேலே பேஸ். தலையிலிருந்து அடிவரை அளந்தால் ஏறத்தாழ 75 சென்டிமீட்டர்தான் இருக்கும். தோளில் ஒரு பையில் மாட்டிக்கொண்டு பேருந்தில் ஏறிவிடலாம். தந்தி அதிரும் நீளம், அதாவது நட்டிலிருந்து குதிரை வரையிலான தூரம், பெரும்பாலான மாதிரிகளில் 20 முதல் 21 அங்குலம். வழக்கமான பேஸ் கிட்டாரில் இது 34 அங்குலம். டபுள் பேஸில் 40 அங்குலத்துக்கும் மேல். இத்தனை சிறிய கருவியில் அத்தனை கீழான சுரம் எப்படி வரும் என்ற சந்தேகம் எழுவது இயல்பு. தவறான நம்பிக்கைகள் பலவும் அந்த இடத்தில்தான் தொடங்குகின்றன. கருவியின் உடம்பைப் பார்த்து அதை எடைபோடுகிறார்கள். பார்க்க வேண்டியது தந்தியை.

“இது ஹவாய்த் தீவுகளின் பழைய கருவி”

பழையது யுகுலேலே மட்டுமே. 1879 ஆகஸ்டில் ரேவன்ஸ்கிராக் என்ற கப்பலில் மதீரா தீவிலிருந்து ஹொனலூலு வந்து இறங்கிய போர்ச்சுகீசியத் தொழிலாளர்களுடன் மானுவல் நூனஸ், அகஸ்டோ டயஸ் உள்ளிட்ட மரவேலைக்காரர்களும் இருந்தார்கள். அவர்கள் தங்கள் ஊரின் சிறு தந்திக் கருவியைத் தழுவிச் செய்தவையே யுகுலேலேயாக வளர்ந்தன. அந்தக் குடும்பத்தில் பேஸ் கிடையாது.

யுகுலேலே பேஸின் நேரடி முன்னோடி இங்கிலாந்தில் பிறந்தது. ஆலன் ஆஷ்வொர்த் ஜோன்ஸ், நைஜல் தார்ன்பரி ஆகிய இருவரும் வடிவமைத்து, அமெரிக்காவின் கில்ட் நிறுவனம் 1980களின் நடுவில் விற்பனைக்குக் கொண்டுவந்த ஆஷ்பரி பேஸ்தான் அது. இருவர் பெயரையும் இணைத்துச் சூட்டிய பெயர். 18 அங்குல நீளத் தந்தி, ஃப்ரெட் எனப்படும் குறுக்குக் கட்டைகள் இல்லை, தந்திகள் சிலிகோன் ரப்பரால் ஆனவை. பேஸ் தந்தி உலோகத்தால்தான் ஆக வேண்டும் என்ற பிடியிலிருந்து வெளியே வந்ததே அதன் சாதனை. பின்னர் ரோட் டோட் மியூசிக்கின் ஓவன் ஹோல்ட், பாரிட்டோன் யுகுலேலே போன்ற வெற்று மர உடம்பில் பாலியூரிதேன் தந்திகளைப் பூட்டி அந்த யோசனையை முன்னெடுத்தார். கலிபோர்னியாவின் காலா நிறுவனம் அதை ‘யு-பேஸ்’ என்ற பெயரில் 2000களின் இறுதியில் பெருமளவில் சந்தைக்குக் கொண்டுவந்தது. ஆக, இன்று கடையில் தொங்கும் வடிவத்துக்கு இன்னும் இருபது வயதுகூட நிரம்பவில்லை என்பதே ஏறத்தாழச் சரி.

“யுகுலேலே வாசிப்பவர் எடுத்த எடுப்பில் வாசித்துவிடலாம்”

பெயரில் யுகுலேலே இருந்தாலும் சுருதி அமைப்பு வேறு. யுகுலேலேயின் தந்திகள் ஜி, சி, இ, ஏ. யுகுலேலே பேஸின் தந்திகள் கீழிருந்து மேலாக இ, ஏ, டி, ஜி. பேஸ் கிட்டாரில் உள்ளதும் இதுவே. கிட்டாரின் கீழ் நான்கு தந்திகளை ஒரு ஸ்தாயி இறக்கினால் கிடைப்பதும் இதுவே. சாதாரண யுகுலேலேயின் மிகக் கீழான சுரம் ஏறத்தாழ 262 ஹெர்ட்ஸ். யுகுலேலே பேஸின் திறந்த இ தந்தி 41 ஹெர்ட்ஸ். இடையில் இரண்டரை ஸ்தாயிக்கும் மேல் இருக்கிறது. யுகுலேலேக்காரர் கைக்கு உருவம் பழக்கமானதாக இருக்கும். விரல் வைக்கும் இடங்களைப் புதிதாகத்தான் கற்க வேண்டும். கிட்டார் பழகியவருக்கு இந்த இடங்கள் முன்பே தெரிந்தவை. அதைவிட, கார்டு வாசித்த கை தனித்தனிச் சுரங்களால் தாளத்தைத் தாங்கப் பழகுவது பெரிய வேலை. அதற்குக் குறுக்குவழி இல்லை.

“இவ்வளவு சிறிய கருவியில் அசல் கீழ்ச் சுரம் வராது, எல்லாம் மின்னணு வித்தை”

இந்த நம்பிக்கையைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். ஒரு தந்தியின் அதிர்வெண்ணை மூன்று விஷயங்கள் தீர்மானிக்கின்றன: நீளம், இழுவிசை, ஓர் அலகு நீளத்துக்கு உள்ள எடை. நீளம் குறைந்தால் சுரம் ஏறும். இழுவிசை குறைந்தாலோ எடை கூடினாலோ சுரம் இறங்கும். நீளம் குறைந்ததை மற்ற இரண்டில் ஈடுகட்டினால் 41 ஹெர்ட்ஸை 21 அங்குலத்திலும் எட்டலாம். இதில் வித்தை ஏதுமில்லை.

சிக்கல் எங்கே என்றால், ஈடுகட்டும் வழியில். 34 அங்குலப் பேஸின் உலோக இ தந்தியை அப்படியே 21 அங்குலக் கருவியில் பூட்டி அதே சுரத்துக்கு இறக்கினால், இழுவிசை முன்பிருந்ததில் 38 சதவீதம்தான் மிஞ்சும். தந்தி தொய்ந்து, ஒவ்வொரு ஃப்ரெட்டிலும் மோதிக் கரகரக்கும். பழைய இழுவிசையை மீட்க வேண்டுமானால் தந்தியின் எடையை இரண்டரை மடங்குக்கு மேல் கூட்ட வேண்டும். உலோகத்தில் அவ்வளவு பருமன் கூட்டினால் அது தந்தியாக வளையாமல் கம்பியாக விறைத்து நிற்கும். விறைத்த தந்தியின் மேற்சுரங்கள் அடிச்சுரத்தோடு இசையாமல் ஏறிப்போகும். கேட்பதற்குச் சுரமா ஓசையா என்று தெரியாத ஒலி வரும்.

பாலியூரிதேன் இந்த முடிச்சை அவிழ்க்கிறது. தடிப்பாகச் செய்தாலும் அது நெகிழும். குறைந்த இழுவிசையிலும் சீராக அதிரும். ரப்பர் போலத் தோன்றும் அந்தக் கறுத்த, தடித்த தந்திதான் இந்தக் கருவியின் கண்டுபிடிப்பு. மரமும் வடிவமும் அதற்குப் பின்னர்தான். குதிரையின் அடியில் உள்ள பிக்கப், அதாவது அதிர்வை மின்னாக மாற்றும் பகுதி, எடுப்பது தந்தியின் உண்மையான 41 ஹெர்ட்ஸ் அதிர்வையே.

“ஒலித்துளை இருக்கிறது, ஆகவே ஆம்ப் தேவையில்லை”

இதற்கும் முந்தைய நம்பிக்கைக்கும் நடுவில்தான் பலர் வழுக்குகிறார்கள். தந்தி 41 ஹெர்ட்ஸில் அதிர்வது ஒன்று. அந்த அதிர்வை அறைக்குள் காற்றில் தள்ளுவது வேறு. 41 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் காற்றில் எட்டு மீட்டருக்கும் மேல். ஓர் அடி அகலம்கூட இல்லாத மரப்பெட்டியால் அதைத் திறம்பட எழுப்ப முடியாது. மின் இணைப்பின்றி வாசிக்கும்போது காதுக்கு எட்டுவது பெரும்பாலும் மேற்சுரங்களே. அவற்றின் இடைவெளியைக் கொண்டு விடுபட்ட அடிச்சுரத்தை மூளை ஊகித்துக்கொள்வதால் கீழ்ச் சுரம் கேட்பதாகத் தோன்றுகிறது. தனியறையில் பயிற்சி செய்ய இது போதும். பக்கத்தில் ஒருவர் யுகுலேலேயை மீட்டத் தொடங்கினால் போதாது.

எனவே பிறரோடு சேர்ந்து வாசிக்க ஆம்ப் கட்டாயம்; அதுவும் பேஸுக்கென்று செய்த ஆம்ப். சிறு கிட்டார் ஆம்ப்பில் இணைத்து ஒலியைக் கூட்டினால் அதன் ஒலிபெருக்கி இந்தச் சுரங்களைத் தாங்காமல் திணறும். கைப்பேசியில் பதிவைக் கேட்டு “சத்தம் சப்பென்று இருக்கிறது” என்று முடிவு கட்டுவதும் நியாயமில்லை. கைப்பேசியின் ஒலிபெருக்கியால் எந்த பேஸையும் காட்ட முடியாது.

வழக்கமான மின் பேஸில் இருக்கும் காந்தப் பிக்கப் இங்கே வேலை செய்யாது. பாலியூரிதேனைக் காந்தம் உணராது. அதனால் குதிரையின் அடியில் அழுத்தத்தை மின்னாக மாற்றும் பைசோ பிக்கப் வைக்கிறார்கள். அதற்குத் துணையாகக் கருவிக்குள் மின்கலத்தில் ஓடும் ஒரு ப்ரீஆம்ப் இருக்கும். ப்ரீஆம்ப் இல்லாத பைசோவைச் சாதாரண மிக்ஸரில் நேரே செருகினால் கீழ்ச் சுரங்களே முதலில் தொலையும். மெல்லிய தகர ஒலி மிஞ்சும். மின்கலம் தீரும் நிலையில் ஒலி உடைந்தும் சிதறியும் வரும். கருவி கெட்டுவிட்டது என்று கடைக்குத் தூக்கிச் செல்லும் முன் மின்கலத்தை மாற்றிப் பார்ப்பது நல்லது. பெரும்பாலான மாதிரிகளில் கேபிளைச் செருகியதும் ப்ரீஆம்ப் விழித்துக்கொள்ளும். வாசித்து முடித்ததும் கேபிளைக் கழற்றாவிட்டால் மின்கலம் வீணாகத் தீர்ந்துகொண்டே இருக்கும்.

“சுருதி நிற்காது, தந்தி தரமற்றது”

யுகுலேலே பேஸ் வாங்கியவர்கள் அதைத் திருப்பிக் கொடுக்க நினைப்பதற்கு இந்த நம்பிக்கை முக்கியக் காரணம். வருத்தத்துக்குரியது, ஏனென்றால் குறை தந்தியில் இல்லை, காத்திருக்காததில் இருக்கிறது. பாலியூரிதேன் இழுத்துப் பிடிக்கப்பட்ட நிலையில் நாள்கணக்கில் மெல்ல நீண்டுகொண்டே போகும் பொருள். புதுத் தந்தியைச் சுருதி சேர்த்து ஐந்து நிமிடம் விட்டால் அரைச் சுரம் இறங்கியிருக்கும். மறுபடி சேர்த்தால் மறுபடி இறங்கும். நாளாக ஆக இறக்கம் குறைந்து, ஓரிரு வாரத்தில் தந்தி தன் நிலையை அடையும். அதன்பின் ஓரளவு நிலையாக நிற்கும். வெயிலிலிருந்து குளிர்சாதன அறைக்குள் கொண்டுபோனால் மட்டும் ஒருமுறை சரிபார்க்க வேண்டும்.

இதை விரைவுபடுத்த வழி உண்டு. சுரத்துக்கு ஏற்றியபின் தந்தியின் நடுவில் இரு விரல்களால் பிடித்து மெதுவாக மேலே தூக்கி விட வேண்டும். இறங்கிய சுரத்தைக் கீழிருந்து மேலாக ஏற்றிச் சேர்த்து, மீண்டும் தூக்கி விட வேண்டும். ஒரே மூச்சில் இதை முடிக்க முயலாமல் நாளுக்குச் சில தடவை செய்தால் போதும். இரவில் தளர்த்தி வைக்கக் கூடாது. தளர்த்தினால் மறுநாள் பாதி வேலையை மறுபடி செய்ய நேரும். தந்தி நீளும்போது முறுக்காணியில் சுற்றுகள் ஏறிக்கொண்டே போகும். சுற்றுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிப் பக்கத்து மரத்தில் உரசினால், தந்தியைத் தளர்த்தி, மிகுதியை நறுக்கிவிட்டு மறுபடி சுற்ற வேண்டும்.

இன்னொரு குழப்பமும் இதில் சேர்ந்துகொள்ளும். தலையில் மாட்டும் கிளிப் ட்யூனர்கள் பல 41 ஹெர்ட்ஸைத் தடுமாறியே படிக்கும். முள் அலைவதைப் பார்த்துச் சுருதி அலைவதாக நினைத்துவிடுகிறார்கள். 12ஆம் ஃப்ரெட்டுக்கு நேர்மேலே தந்தியை விரலால் தொட்டும் தொடாமலும் வைத்து மீட்டினால் ஒரு ஸ்தாயி மேலே, 82 ஹெர்ட்ஸில் ஒரு தெளிந்த சுரம் எழும். அதைக் கொண்டு சேர்த்தால் முள் நிலைத்து நிற்கும்.

“எந்த பேஸ் தந்தியையும் மாட்டலாம்”

மாட்டக் கூடாது. இந்த நீளத்துக்கென்றே செய்த தந்திகள் பல வகைகளில் கிடைக்கின்றன. இத்தாலியின் அக்கீலா நிறுவனத்தின் தண்டர்கட் வரிசை, காலாவின் உலோகச் சுற்றுத் தந்திகள் ஆகியவை உதாரணம். உலோகச் சுற்றுள்ளவற்றுக்கு மாறும்போது நட்டின் பள்ளமும் குதிரையின் துளையும் பொருந்துமா, கருவி அந்த இழுவிசைக்குக் கட்டப்பட்டதா என்று தயாரிப்பாளரின் குறிப்பைப் பார்த்தே மாற வேண்டும். சற்று நீளமான சிறு பேஸ்களும் உண்டு. 2017இல் வந்த டெய்லர் ஜிஎஸ் மினி பேஸின் தந்தி நீளம் 23.5 அங்குலம். அதன் தந்தியை இதற்கோ, இதன் தந்தியை அதற்கோ கொண்டுபோக முடியாது.

“இது குழந்தைகளுக்கான பொம்மை”

குழந்தைகளுக்கு ஏற்றது என்பது உண்மை. பொம்மை என்பது பொய். முழு அளவு பேஸில் 1ஆம் ஃப்ரெட்டிலிருந்து 4ஆம் ஃப்ரெட் வரை 13 சென்டிமீட்டர். இதில் 8 சென்டிமீட்டர். சிறிய கை உள்ளவருக்கும், விரல் மூட்டு வலியால் பெரிய பேஸைக் கைவிட்டவருக்கும் இந்த ஐந்து சென்டிமீட்டர் மிகப் பெரிய விஷயம். ஆனால் சிறியது என்பதால் எளிது என்று ஆகிவிடாது. ஃப்ரெட் இல்லாத மாதிரியில் 12ஆம் இடத்தருகே ஓர் அரைச் சுரத்தின் அகலம் 15 மில்லிமீட்டர்தான். விரல் சில மில்லிமீட்டர் நகர்ந்தாலே பிசகு காதில் விழும். தந்தி தளர்வாக இருப்பதால் பலமாகப் பறித்தால் அகலமாக வீசி ஃப்ரெட்டில் மோதும். நகத்தையோ பிக்கையோ தவிர்த்து, விரல்நுனியின் சதையால் மெல்ல வருடி எடுத்தால்தான் சுரம் திரண்டு வரும். வியர்த்த விரல் இந்தத் தந்தியில் ஒட்டும் என்பதால் சிலர் முகப்பவுடர் தடவிக்கொள்வதுண்டு.

“டபுள் பேஸுக்கு இதுவே மாற்று”

பாதி உண்மை. மென்மையாகத் தொடங்கி விரைவில் அடங்கும் இதன் சுரம், டபுள் பேஸை விரலால் மீட்டும் ஒலிக்கு மிக அருகில் வருகிறது. ஜாஸ், கன்ட்ரி, ரெகே போன்றவற்றில் நன்றாகப் பொருந்தவும் செய்கிறது. வில்லால் இழுத்து வாசிக்க முடியாது. நீண்டு நிற்கும் சுரமும் கிடையாது. பேஸ் கிட்டாரின் ஸ்லாப் வாசிப்பில் வரும் உலோகத் தெறிப்பை இதில் தேடினால் ஏமாற்றம்தான்.

வாங்க நினைப்பவர்கள் கருவியைக் கடையில் சும்மா மீட்டிப் பார்த்துவிட்டு முடிவெடுக்க வேண்டாம். பேஸ் ஆம்ப்பில் இணைத்து, நான்கு தந்திகளிலும் எல்லா ஃப்ரெட்டுகளையும் அழுத்திக் கரகரப்பு இருக்கிறதா என்று கேளுங்கள். திறந்த தந்தியும் 12ஆம் ஃப்ரெட்டும் ஒத்துப்போகின்றனவா என்று ட்யூனரில் பாருங்கள். வீட்டுக்குக் கொண்டுவந்தபின் தந்திக்கு இரண்டு வாரம் கொடுங்கள். குறை சொல்வதானால் அதற்குப் பிறகு சொல்லுங்கள்.