காலைதோறும் திறக்கப்படும் செவி

வேத வாசிப்பு: ஏசாயா 50:4-7, 1 சாமுவேல் 30:1-25



உங்களில் சிலர் எழுதும் கடிதங்களின் கடைசி வரி பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கிறது. வேலை போன விஷயம், பிள்ளையின் படிப்பு, பெற்றோரின் வியாதி என்று பலதும் எழுதிவிட்டு, "மிகவும் சோர்ந்துபோயிருக்கிறேன், ஜெபித்துக்கொள்ளுங்கள்" என்று முடிக்கிறீர்கள். அப்படிப்பட்ட கடிதத்துக்குப் பதில் எழுத உட்காரும்போதெல்லாம் எனக்கு ஒரு பயம் உண்டு. நல்ல வசனம் ஒன்றை எடுத்து எழுதிவிடுவது எளிது. அது அந்த இருதயத்துக்குப் போய்ச் சேருமா என்பது வேறு காரியம். ஆகவே இந்த முறை அந்தப் பயத்தையே பாடமாக எடுத்துக்கொள்ளலாம் என்று எண்ணினேன்.

ஏசாயா 50-ஆம் அதிகாரத்தில் கர்த்தருடைய தாசன் பேசுகிறார். இளைத்துப்போனவனுக்கு ஏற்ற வேளையில் ஏற்ற சொல்லைச் சொல்லும் நாவைக் கர்த்தர் தமக்குத் தந்தார் என்கிறார். நாம் வழக்கமாக அந்த இடத்தோடு நிறுத்திக்கொள்ளுகிறோம். பேச விரும்புகிற எவருக்கும் அது பிடித்தமான வசனம் அல்லவா? ஆனால் அந்த நாவு எங்கிருந்து வந்தது என்பதை வசனத்தின் பிற்பகுதி காட்டுகிறது. காலைதோறும் கர்த்தர் அவரை எழுப்புகிறார்; கற்றுக்கொள்ள வந்த ஒருவன் கேட்பதுபோலக் கேட்பதற்காக அவருடைய செவியை எழுப்புகிறார். எபிரெய மூலத்தில் நாவைப் பற்றிச் சொல்லும் இடத்திலும் செவியைப் பற்றிச் சொல்லும் இடத்திலும் ஒரே சொல்தான் வருகிறது. கற்பிக்கப்படுகிறவர்கள் என்பது அதன் பொருள். ஏசாயா 8:16-இல் சீஷர் என்று நாம் வாசிப்பதும் அதே சொல்தான். கல்விமான் என்றதும் பட்டம் வாங்கி முடித்தவர் ஒருவர் நம் நினைவுக்கு வருகிறார். இங்கே பேசுகிறவரோ இன்னும் பள்ளிக்கூடத்தை விடாதவர். விடிந்ததும் சிலேட்டை எடுத்துக்கொண்டு புறப்படுகிறவர்.

அடுத்த இரண்டு வசனங்களையும் விட்டுவிடக் கூடாது. செவி திறக்கப்பட்ட அந்தத் தாசன் எதிர்த்து நிற்கவில்லை. அடிக்கிறவர்களுக்கு முதுகைக் கொடுத்தார், அவமானத்துக்கு முகத்தை மறைக்கவில்லை. அவர் படித்த பள்ளிக்கூடம் நிம்மதியான இடமல்ல. நம்முடைய ஆண்டவரும் தாம் பட்ட பாடுகளினாலே கீழ்ப்படிதலைக் கற்றார் என்று எபிரெயர் நிருபம் 5:8 சொல்லுகிறது. தேவகுமாரனுக்கே அது குறைவாக இல்லை.

இனி என் குறையைச் சொல்லுகிறேன். பல ஆண்டுகளுக்கு முன் தென் மாவட்டத்து மிஷன் ஆஸ்பத்திரி ஒன்றில் நோயாளிகளைச் சந்திக்கும் ஊழியம் எனக்குக் கொடுக்கப்பட்டிருந்தது. ஆண்கள் வார்டில் முப்பது கட்டில். கட்டிலுக்குக் கட்டில் நின்று, ஒரு வசனம் வாசித்து, ஜெபித்துவிட்டு நகர்வேன். ஏழு மணிக்கு ஆரம்பித்தால் எட்டரைக்குள் முடித்துவிடலாம் என்பதில் எனக்கு ஒரு பெருமையும் இருந்தது. அந்த வார்டின் மூலைக் கட்டிலில் ஒரு பனையேறித் தொழிலாளி. மரத்திலிருந்து விழுந்து முதுகுத்தண்டு முறிந்து, இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் கிடந்தார். அவர் எழுந்து நடக்கவேண்டும் என்று தினமும் உருக்கமாகத்தான் ஜெபித்தேன். பதினோராம் நாளோ பன்னிரண்டாம் நாளோ, நான் ஆமென் சொல்லி நிமிர்ந்தபோது அவர் மெதுவாகக் கேட்டார்:

"ஐயா, தினமும் வாறிய. நான் நடக்கணும்னு ஜெபிக்கிய. நல்லது. ஊருல என் ரெண்டு மாட்டுக்கும் தண்ணி வைக்க ஆளு இல்ல. அதுக்கும் ஒரு வார்த்த சேத்துச் சொல்லுவியளா?"

மனைவியும் அவரோடு ஆஸ்பத்திரியில் இருந்தார். வீடு பூட்டிக் கிடந்தது. இத்தனை நாளாக அந்த மனுஷன் இரவில் தூங்காமல் கிடந்தது கால்களை நினைத்து அல்ல, தொழுவத்தை நினைத்து. நான் ஒருநாளும் கேட்கவில்லை. கேட்கவேண்டும் என்று எனக்குத் தோன்றவும் இல்லை. என் நாவு காலைதோறும் எழும்பியது, செவி தூங்கிக்கொண்டிருந்தது.

அன்றைக்கே அந்த ஊர் உபதேசியாருக்கு ஒரு போஸ்ட் கார்டு எழுதிப் போட்டேன். ஐந்தாறு நாளில் பதில் வந்தது. அடுத்த வீட்டுக்காரர் மாடுகளைத் தன் தொழுவில் கட்டிவைத்திருக்கிறார், ஒன்று சினையாக இருக்கிறது, கவலைப்பட வேண்டாம் என்று நாலு வரி. அந்தக் கார்டை இரண்டு முறை என்னை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். பிறகு தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டார். அன்று மத்தியானம் முதல்முறையாக முழுச்சாப்பாடு சாப்பிட்டார் என்று வார்டு சிஸ்டர் சொன்னார்கள்.

இந்தச் சம்பவத்துக்குப் பிறகுதான் சிக்லாகின் கதையை நான் சரியாக வாசித்தேன் என்று நினைக்கிறேன்.

சவுலுக்குப் பயந்த தாவீது பெலிஸ்தரின் நாட்டுக்கு ஓடிப்போய், அங்கே ஒரு வருஷமும் நாலு மாதமும் குடியிருந்தான். அந்த நாட்களைச் சொல்லும் மூன்று அதிகாரங்களிலும் (27 முதல் 29 வரை) அவன் கர்த்தரிடம் விசாரித்ததாக ஒரு வசனம்கூட இல்லை என்பதைக் கவனியுங்கள். அதற்குமுன் கேகிலாவில் ஒவ்வொரு அடிக்கும் விசாரித்தவன் அவன்! ஏதோ ஒரு கட்டத்தில் தனக்குத் தானே யோசனை சொல்லிக்கொள்ளப் பழகிவிட்டான். பிறகு ஒருநாள் திரும்பிவந்து பார்த்தால், சிக்லாக் எரிந்து கிடக்கிறது. மனைவிகளையும் பிள்ளைகளையும் அமலேக்கியர் கொண்டுபோய்விட்டார்கள். அழுவதற்குப் பெலன் இல்லாமற்போகும்வரை எல்லாரும் அழுதார்கள். கூட இருந்த ஜனங்களே அவனைக் கல்லெறியவேண்டும் என்று பேசிக்கொண்டார்கள்.

அங்கேதான் தாவீது தன் தேவனுக்குள் தன்னைத் திடப்படுத்திக்கொண்டான். எப்படித் திடப்படுத்திக்கொண்டான் என்று வேதம் விவரிக்கவில்லை. ஆனால் உடனே செய்தது என்ன என்று சொல்லுகிறது: ஆசாரியனாகிய அபியத்தாரை அழைத்து, ஏபோத்தைக் கொண்டுவரச் சொல்லி, "நான் பின்தொடரவேண்டுமா?" என்ற கருத்தில் கர்த்தரிடம் கேட்டான். அறுநூறு பேர் வெறிகொண்டு நிற்கும்போது இதற்கு ஒரு கேள்வி தேவையா? எந்தத் தகப்பனும் யோசிக்காமல் ஓடியிருப்பான். தாவீதோ திரும்பவும் கேட்கிறவனானான். அவன் பெற்ற தைரியத்தின் முதல் அடையாளமாக நான் காண்பது இதைத்தான்.

வழியில் இன்னொரு காரியம் நடக்கிறது. வயல்வெளியில் ஒரு எகிப்தியன் கிடக்கிறான். அமலேக்கியன் ஒருவனுக்கு அடிமை. வியாதிப்பட்டதால் மூன்று நாளுக்கு முன் எஜமான் அவனை விட்டுவிட்டுப் போய்விட்டான். இரவும் பகலும் மூன்று நாள் சாப்பாடும் தண்ணீரும் இல்லை. அவசரமாகப் போகிறவர்களுக்கு இவன் ஒரு இடைஞ்சல். ஆனாலும் அவனுக்கு அப்பமும் தண்ணீரும் அத்திப்பழ அடையும் வற்றலான திராட்சப்பழமும் கொடுத்தார்கள். அவனுக்கு உயிர் திரும்பிய பிறகுதான் தாவீது கேள்வி கேட்டான். எரிந்த பட்டணத்திலிருந்து பிள்ளைகள் இருக்கும் இடத்துக்கு வழி தெரிந்தவன் அவன் ஒருவனே. கர்த்தர் ஏபோத்தின் மூலம் "போ" என்றார். எந்தப் பக்கம் என்பதை, எவரும் வேண்டாமென்று எறிந்த ஒரு நோயாளியின் வாயில் வைத்திருந்தார்.

நம் நாட்டு மிஷன் ஆஸ்பத்திரிகளின் வரலாற்றிலும் இதைப்போன்ற ஒரு காட்சி உண்டு. 1946-இன் இறுதியில் வேலூருக்கு வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட், 1947-இல் செங்கல்பட்டு குஷ்டரோக மருத்துவமனையைப் பார்க்கச் சென்றார். அங்கே பொறுப்பிலிருந்த டாக்டர் ராபர்ட் காக்ரேன் குஷ்டரோகத்தில் பெரிய நிபுணர். மடங்கிப்போன விரல்களைப் பார்த்த பிராண்ட், இது ஏன் இப்படி ஆகிறது என்று கேட்டார். தாம் தோல் மருத்துவர்தான், எலும்பும் தசையும் படித்தவர் நீங்கள் அல்லவா என்று காக்ரேன் அதைத் திருப்பி அவரிடமே விட்டார். பிராண்ட் ஒரு நோயாளியின் கைக்குள் தம் கையைக் கொடுத்து, இறுக்கிப் பிடிக்கச் சொன்னார். செயலற்றதென்று அவர் நினைத்த அந்தக் கை வலிக்கும்படி இறுக்கிப் பிடித்தது. எல்லாத் தசைகளும் சாகவில்லை என்று அந்தப் பிடி அவருக்குச் சொன்னது. முழங்கைப் பக்கத்தில் நரம்பு கெட்டதால் உள்ளங்கையின் சிறு தசைகள் செயலிழந்திருந்தன. முன்னங்கையில் வேறு நரம்பால் இயங்கும் நல்ல தசைகள் மிஞ்சியிருந்தன. அவற்றின் தசைநாரை விரல்களுக்கு மாற்றிப் பொருத்தும் அறுவைச் சிகிச்சை அதிலிருந்து வளர்ந்தது. புத்தகத்தில் இல்லாத பாடம். கற்பித்தவர் ஒரு குஷ்டரோகி.

அந்தச் சிகிச்சையைப் பின்னாளில் கற்றுக்கொண்டவர்களில் ஒருவர் டாக்டர் மேரி வர்கீஸ். கேரளத்தில் பிறந்து வேலூரில் படித்தவர். 1954 ஜனவரியில் நடந்த கார் விபத்தில் முகம் சிதைந்து, முதுகுத்தண்டு பாதிக்கப்பட்டு, இரண்டு கால்களும் செயலிழந்தன. அப்போது அவருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. மருத்துவராக அவர் வாழ்வு முடிந்துவிட்டது என்றே எவருக்கும் தோன்றியிருக்கும். உட்கார்ந்தபடியே கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்யலாமே என்று பிராண்ட் சொன்னார். அவர் சக்கர நாற்காலியில் அமர்ந்து, படித்து முடித்த மருத்துவர் என்பதை மறந்து, மாணவியாகத் திரும்பவும் தொடங்கினார். பிறகு ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரிலும், நியூயார்க்கில் டாக்டர் ஹோவர்ட் ரஸ்க்கின் நிறுவனத்திலும் மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பினார். வேலூரில் அந்தத் துறைக்குத் தலைவரானார். முதுகுத்தண்டு முறிந்தவர்கள் தங்கிப் பயிற்சி பெறும் மறுவாழ்வு மையம் 1966-இல் பாகாயத்தில் திறக்கப்பட்டது. 1972-இல் அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது அளித்தது. 1986-இல் ஆண்டவருக்குள் நித்திரையடைந்தார். அவர் கால்கள் கடைசிவரை திரும்ப வரவில்லை என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். சாட்சிப் பத்திரிகைகளில் அதைச் சுருக்கி எழுதும் பழக்கம் நம்மிடம் உண்டு.

இந்த இடத்தில் ஒரு எச்சரிப்பு தேவை. இவற்றையெல்லாம் படித்துவிட்டு, படுக்கையில் கிடக்கும் ஒருவரிடம் போய், "இதன் மூலம் கர்த்தர் உங்களுக்கு என்ன கற்பிக்கிறார்?" என்று கேட்டுவிடாதீர்கள். யோபுவின் சிநேகிதர் ஏழு நாள் இரவும் பகலும் அவனோடு தரையில் வாய்திறவாமல் உட்கார்ந்திருந்தார்கள். அந்த ஏழு நாளும் அவர்கள் நல்ல சிநேகிதர்தான். வாய் திறந்து பாடம் நடத்த ஆரம்பித்த பிறகே கர்த்தருடைய கோபத்துக்கு ஆளானார்கள். துன்பப்படுகிறவர் என்ன கற்கிறார் என்பது அவருக்கும் ஆண்டவருக்கும் நடுவில் உள்ள காரியம். அவர் பக்கத்தில் நிற்கும் நான் என்ன கற்றேன் என்பதுதான் என்னிடம் கேட்கப்படும்.

நீங்களே அந்தப் படுக்கையில் இருக்கிறவர் என்றால், பெரிய விளக்கம் எதையும் தேடவேண்டாம். தாவீது கேட்டது அடுத்த அடியைப் பற்றித்தான். பதிலும் அடுத்த நாளுக்குப் போதுமானதாகவே இருந்தது. சிக்லாக் ஏன் எரிந்தது என்று அவன் கேட்டதாகவும் இல்லை, கர்த்தர் சொன்னதாகவும் இல்லை.

கதையின் முடிவில் உங்களுக்கென்றே ஒரு பகுதி இருக்கிறது. பேசோர் ஆற்றைக் கடக்கமுடியாமல் இளைத்துப்போன இருநூறு பேர், மூட்டைமுடிச்சுகளோடு பின்னால் தங்கிவிட்டார்கள். போருக்குப் போனவர்களில் சிலர், இவர்களுக்குக் கொள்ளையில் பங்கில்லை என்றார்கள். தாவீதோ, போனவனுக்கும் இருந்தவனுக்கும் சரிபங்கு என்று தீர்த்தான். இஸ்ரவேலில் அது கட்டளையாகவே ஆயிற்று. தூரத்திலிருந்து மணியார்டர் அனுப்பியவர்களும், உடல்நிலை காரணமாக இந்த ஆண்டு எதுவும் அனுப்ப இயலவில்லை என்று வருத்தப்பட்டு எழுதியவர்களும் 24-ஆம் வசனத்தை ஒருமுறை வாசித்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பனையேறித் தொழிலாளி நடக்கவில்லை. நான்கு மாதம் அதே மூலைக் கட்டிலில் இருந்தார். படுக்கைப்புண் வராமல் இரண்டு மணிக்கு ஒருமுறை புரண்டு படுப்பதையும், கைகளை ஊன்றி உடம்பை நகர்த்துவதையும் நர்சுகளிடம் கற்றுக்கொண்டார். அவர் வீட்டுக்குப் போவதற்குச் சில நாட்கள் முன்பு, கிணற்றில் விழுந்து முதுகு முறிந்த பதினெட்டு வயதுப் பையன் ஒருவனை அடுத்த கட்டிலில் கொண்டுவந்து போட்டார்கள். சுவரைப் பார்த்துக்கொண்டு ஒருவரிடமும் பேசாமல் கிடந்தான். மறுநாள் காலையில் நான் பைபிளோடு அந்தக் கட்டிலை நெருங்கும்போது, பெரியவர் தன் கட்டிலில் ஒருக்களித்துப் படுத்து அவனிடம் கேட்டுக்கொண்டிருந்தார்:

"ஏ தம்பி, வீட்டுல மாடு கீடு உண்டாடே? யாரு பாக்கா?"