வடகிழக்குப் பருவமழையில் தக்காளிக்கு ஒரு கூரை

குளிர் நாட்டுக்காரர்கள் வசந்தம் தாமதமானால் தக்காளி, மிளகாய், கத்தரி நாற்றுகளைக் கண்ணாடிக் கூடத்துக்குள் தூக்கிக்கொண்டு ஓடுவது உறைபனிக்குப் பயந்து. சிங்கப்பூரில் அந்தப் பயத்துக்கு இடமில்லை. இங்கே பதிவான ஆகக் குறைந்த வெப்பநிலையே 19.4 டிகிரிதான், அதுவும் 1934 ஜனவரிக் கடைசியில். அந்தக் குளிர் தக்காளியை ஒன்றும் செய்யாது, சொல்லப்போனால் தக்காளி கேட்பதே அதைத்தான். இரவு வெப்பநிலை 15 முதல் 21 டிகிரிக்குள் இருந்தால் காய் நன்றாகப் பிடிக்கும். 24-ஐத் தாண்டினால் மகரந்தம் வலுவிழந்து பூ உதிரத் தொடங்கும். இங்கே ஆண்டின் பெரும்பகுதி இரவுகள் 25-ஐ ஒட்டியே இருக்கின்றன. டிசம்பர், ஜனவரியில் தொடர்மழை பிடிக்கும் நாள்களில் மட்டும் 22 வரை இறங்குகிறது. ஆக, நம் ஊரில் தக்காளிக்கு உகந்த சில வாரங்களும் அதைக் கொல்லும் மழையும் ஒன்றாகவே வந்து சேர்கின்றன. குளிரை விட்டுவிடாமல் மழையை மட்டும் தள்ளிவைக்க வேண்டும். அதனால் நமக்கு வேண்டிய பசுமைக்குடில் சுவர் இல்லாத வெறும் கூரைதான்.

மழையை ஏன் இவ்வளவு பெரிதுபடுத்த வேண்டும் என்று கேட்கலாம். 2021 புத்தாண்டில் தொடங்கிய இரண்டு நாள் மழையில் சாங்கியில் 318.6 மில்லிமீட்டர் பதிவானது. ஜனவரி மாதம் முழுவதற்குமான சராசரியைவிட அது அதிகம். அப்படிப்பட்ட மழையில் தொட்டி மண்ணின் காற்றிடைவெளி எல்லாம் நீரால் நிறைந்து வேர் மூச்சுத் திணறுகிறது. இளநாற்று அடித்தண்டில் அழுகிச் சாய்கிறது. மண்ணிலிருந்து தெறிக்கும் துளி பூஞ்சையை அடியிலைகளில் ஏற்றுகிறது. தேங்கி ஓடும் நீர் பாக்டீரியா வாடல் நோயைத் தொட்டிக்குத் தொட்டி கொண்டுபோகிறது. நனைந்த மகரந்தமோ கட்டிப்பட்டு உதிராமல் நின்றுவிடும். தைவானில் இயங்கும் உலகக் காய்கறி மையம் வெப்பமும் மழையும் சேர்ந்த பருவத்தில் தக்காளி வளர்ப்போருக்கு நெடுங்காலமாகச் சொல்லிவருவது இரண்டு: மேலே தெளிவான பிளாஸ்டிக் கூரை போடுங்கள், நீர் தேங்குவதைத் தாங்கும் கத்தரி வேரில் தக்காளியை ஒட்டுக்கட்டுங்கள். ஒட்டு கைவராதவர்களுக்கு முதலாவதே பெரும்பயன் தரும்.

எதை உள்ளே கொண்டுபோவது என்பதில் கஞ்சத்தனம் வேண்டும். தக்காளி, குடைமிளகாய், மிளகாய், கத்தரி ஆகியவற்றுக்கு முதலிடம். அதிலும் பூவிடும் நிலையில் உள்ளவற்றுக்கும் நாற்றுகளுக்கும். காங்கோங், பசலி, பண்டான் இலையெல்லாம் மழையிலேயே இருக்கட்டும். வடிகால் நன்றாக இருந்தால் கறிவேப்பிலையும் வெளியிலேயே தாக்குப்பிடிக்கும். மாற்றுவதற்கு நல்ல சமயம் நவம்பர் நடுப்பகுதி, அதாவது தொடர்மழை பிடிக்கும் முன். ஊறிப்போன செடியைத் தூக்கிவைத்தால் நோயையும் சேர்த்தே குடியேற்றுகிறோம். மாற்றும் முன் ஒவ்வோர் இலையையும் புரட்டி அடிப்பக்கத்தைப் பாருங்கள். மண்ணைத் தொட்டுக்கொண்டிருக்கும் இலைகளைக் கிள்ளுங்கள். மண் இறுகியிருந்தால் தென்னை நார்த்தூளும் பெர்லைட்டும் கலந்த புதுக் கலவைக்கு மாற்றுங்கள். சந்தேகத்துக்குரிய செடியை ஒரு வாரம் தனியே வையுங்கள்.

கூரை தெளிவானதாக, ஒருபக்கம் நன்றாகச் சரிந்ததாக இருக்க வேண்டும். செடியின் உச்சிக்கும் அதற்கும் ஒரு கை நீள இடைவெளியாவது வேண்டும். நான்கு பக்கமும் ஜிப் வைத்து மூடும் குட்டிப் பசுமைக்குடில்கள் இணையத்தில் மலிவாகக் கிடைக்கின்றன. அவை குளிர்நாட்டுக்குச் செய்தவை. மழைவிட்டு வெயில் அடித்தால் உள்ளே வெந்துபோகும், ஈரமும் வெளியேறாது. வாங்கியிருந்தால் பக்கத் திரைகளைக் கழற்றிவிட்டுக் கூரையை மட்டும் பயன்படுத்துங்கள். தேசியப் பூங்காக் கழகத்தின் வாடகைப் பாத்திகளிலோ சமூகத் தோட்டத்திலோ செடி வைத்திருப்பவர்கள் கூரைச் சட்டம் நடுவதற்கு முன் அனுமதி கேட்டுக்கொள்வது நல்லது. பருவமழையோடு பலத்த காற்றும் வரும் என்பதால் கூரையின் கால்களை மண்ணில் ஆழ ஊன்றுவதில் சோம்பல் கூடாது. மாடிவீட்டுக்காரர்கள் கைப்பிடிச் சுவர்மேல் தொட்டி வைக்கவே கூடாது.

வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) அடுக்குமாடித் தாழ்வாரத்தில்தான் ஏற்கெனவே கூரை இருக்கிறதே, அங்கே வைத்தால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. மழை படாது என்பது உண்மை. வெளிச்சம் படுமா என்பதுதான் சிக்கல். காய்ச்செடிக்கு நாளுக்கு ஆறு மணி நேரமாவது நேர்வெயில் வேண்டும். மேகம் மூடிய டிசம்பரில் திறந்தவெளியிலேயே வெளிச்சம் குறைவு. மேல்மாடித் தளம் மறைக்கும் தாழ்வாரத்தில் தக்காளி நெட்டையாக வெளிறி வளரும், காய்க்காது. உங்கள் தாழ்வாரம் கிழக்கையோ மேற்கையோ பார்த்து, எதிரே உயர்ந்த புளோக்கும் இல்லாமல் இருந்தால் தனிக்கூரையே வேண்டாம், விளிம்பை ஒட்டி வரிசையாக வையுங்கள். நடந்துபோக 1.2 மீட்டர் வழி விட்டே ஆக வேண்டும்; தீ விபத்தில் அந்த வழிதான் உயிர்காக்கும்.

கூரைக்கடியில் வந்தபின் வேலை குறையாது, மாறும். வெளியே கொட்டுகிற மழையைப் பார்த்துவிட்டுத் தண்ணீர் ஊற்ற மறப்பதுதான் கூரைச்செடிகள் வாடுவதற்கு முதல் காரணம். விரலை மண்ணில் விட்டுப் பாருங்கள். இரண்டாம் கணு வரை காய்ந்திருந்தால் காலையில் வேரடியில் மட்டும் ஊற்றுங்கள். தொட்டித் தட்டில் நீர் நிற்க விட்டால் ஏடிஸ் கொசுவுக்கு விடுதி கட்டித் தந்ததாகும், அபராதமும் தேடி வரும். பூத்த நாள்களில் காலை பத்து மணிவாக்கில் பூங்கொத்தின் காம்பை விரலால் சுண்டிவிடுங்கள். மழைநாளில் தேனீ வராது, காற்று மட்டும் போதாது. இன்னொன்று, மழை கழுவிக்கொண்டு போகாததால் வெள்ளை ஈயும் சிலந்திப் பேனும் கூரைக்கடியில் பெருகும். வாரத்துக்கு இருமுறை இலையடியில் நீரைப் பீய்ச்சி, மாலைக்குள் உலர விடுங்கள்.

தேக்கா சந்தையில் ஒரு கிலோ தக்காளி வாங்கும் காசுக்கு இத்தனை பாடா என்று கேட்பவர்கள் உண்டு; கணக்கு அவர்கள் பக்கம்தான். காசு மிச்சம் பிடிக்க நினைப்பவர் மிளகாயோடு நிறுத்திக்கொள்ளலாம். ஒரு செடி பல மாதம் காய்க்கும், கூரைச்செலவைத் தேற்றியும் தரும். பெரிய தக்காளி ரகங்களை இங்கே நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். செர்ரி வகைகள்தான் நம் இரவுச் சூட்டைக் கொஞ்சமாவது பொறுக்கும்.

பிப்ரவரியில் மழை ஓய்ந்ததும் கூரையை ஒரே நாளில் பிடுங்காதீர்கள். மேகத்தின் கீழ் வளர்ந்த இலை அந்த வெயிலில் வெளுத்துக் கருகும். முதலில் காலை வெயில் மட்டும் இரண்டு மணி நேரம் படட்டும். நாளுக்கு ஒரு மணி கூட்டி, ஒரு வாரத்தில் முழு வெயிலுக்கு விடலாம்.